பாலு மகேந்திரா எங்கே படித்தார்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பெற்றார் கட்டாயம் வாசியுங்கள்.

கரம்பொன்னிலும் ஊர்காவற்றுறையிலும் குறும்படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் ஃபோன் இருக்கிறது, கண்ணில் ஆசை இருக்கிறது. அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சேர், என்ன கெமரா வாங்கலாம்?" பெற்றாரின் கேள்வி வேறு. "இதைப் படித்து என்ன பிழைப்பு?" எங்கள் முஸ்லிம் பெற்றாரில் சிலர் இன்னொன்றும் சேர்த்துக் கேட்பார்கள். "மாஸ்டர், இது கூடுமா?"

மூன்று கேள்விகளுக்கும் ஒரு மனிதரின் மாணவப் பருவத்திலிருந்து பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். அவர் இந்தியாவில் பிறந்தவர் அல்ல. எங்கள் நாட்டுப் பிள்ளை. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த மகேந்திரன். உலகத்துக்குப் பாலு மகேந்திரா.

அவர் எடுத்த "மூன்றாம் பிறை", "வீடு" எல்லாவற்றையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அதற்கு முந்திய கதை. அவர் ஒளிப்பதிவை எப்படிப் படித்தார் என்பது.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனபோது ஒரு படப்பிடிப்பைக் கண்டதை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படத்தை 1956 - 57 காலத்தில் இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கித்துல்கலவில், களனி கங்கையின் குறுக்கே படத்துக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். இயக்குநர் "மழை" என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது. பையன் திகைத்துப்போனான். தானும் ஒருநாள் இப்படி மழையை வரவழைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தான்.

இந்தக் கதையைப் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மழையைக் கண்டவுடன் யாரும் ஒளிப்பதிவாளராகிவிடுவதில்லை. அந்தப் பையன் பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தது 1966இல். இடையில் ஏறக்குறையப் பத்து வருடம். ஏன் இவ்வளவு காலம்? ஆசை குறைந்ததா? இல்லை. அவர் படிப்பதற்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கவில்லை.

இலங்கையில் அன்று சினிமா எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். முதல் சிங்களப் பேசும்படமான "கடவுணு பொறொந்துவ" 1947இல் வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்ட இடம் மதுரை. சிங்களம் பேசும் படத்துக்கும் வெளிச்சம் போட்டது தமிழ்நாட்டு ஸ்டூடியோ. கெமராவைப் பிடிக்க, லைட் போட, ஒலி பதிய இங்கே ஆள் பழகியிருக்கவில்லை.

அந்த நிலையை மாற்றிய இடம் ஒன்று உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவு. அது பெயரளவில்கூடப் பள்ளிக்கூடம் அல்ல, செய்திப்படமும் விவரணப்படமும் எடுக்கும் ஒரு அரச அலுவலகம். ஆனால் அங்கேதான் இந்த நாட்டின் முதல் தலைமுறை படக்கலைஞர்கள் கைபழகினார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கே மலேரியாவை வென்று உலர்வலயத்தை மீட்டது பற்றி ஒரு சின்னப் படம் எடுத்தார். வீதி விபத்தைத் தவிர்ப்பது பற்றி இன்னொரு சின்னப் படம் எடுத்தார். கொசுவும் வீதி ஒழுங்கும்! யாருக்கு இதில் கலை தெரியும்? ஆனால் அதே லெஸ்டரும், அதே அலுவலகத்தில் இருந்த ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் வேலையை விட்டு வெளியே வந்து 1956இல் "ரேகாவ" என்ற படத்தைத் தந்தார்கள். ஸ்டூடியோச் சுவர்களை விட்டுக் கெமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோன படம் அது. 1957இல் கான் திரைப்பட விழா வரை போனது. வெயிலில் படம் எடுக்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது அந்தச் சின்னச் சின்ன அரசாங்கப் படங்கள்தான்.

தமிழில் அப்படி ஒரு பயிற்சிக் களம் அமையவில்லை. "சமுதாயம்" 1962இல் வந்தது. அடுத்த வருடம் "தோட்டக்காரி". 1972இல் யாழ்ப்பாணத்து வாழ்வைச் சொல்லிய "குத்துவிளக்கு". 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் யாழ்ப்பாணத்துக்கு வந்து எடுத்த "பொன்மணி". தனித்தனி முயற்சிகள். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஆள் தேட வேண்டும், அந்தப் படம் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ஒரு படத்தில் கற்றதை அடுத்த படத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. ஆகவே மட்டக்களப்புப் பிள்ளை கடல் கடந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

பூனா திரைப்படக் கல்லூரி 1960இல் தொடங்கியது. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளவுக்குள்ளேயே வகுப்புகள். பாலு மகேந்திரா இயக்கம் படிக்கத்தான் விரும்பினார். இடம் கிடைத்தது ஒளிப்பதிவில். உயர்தரப் பரீட்சையில் நினைத்த துறை கிடைக்காமல் முகம் வாடியிருக்கும் பிள்ளைகள் இந்த வரியை இன்னொருமுறை வாசியுங்கள். கிடைத்த துறையில் அவர் 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

அங்கே படிப்பு என்றால் என்ன? பாடப்புத்தகத்தைப் பாடமாக்குவது அல்ல. சின்னப் படங்கள் எடுப்பது. முதலில் பயிற்சிகள், கடைசியில் ஒரு டிப்ளோமாப் படம்.

அந்தக் காலப் படச்சுருளின் கணக்கைச் சொன்னால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்கும். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு அடிக்கு 16 சட்டகங்கள். ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓட வேண்டும். 400 அடிச் சுருள் ஒன்றைக் கெமராவில் போட்டால் நாலரை நிமிடம்கூட இல்லை. 16 மில்லிமீற்றரில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. சுருள் கழுவி வந்த பிறகுதான் வெளிச்சம் சரியா பிழையா என்று தெரியும். பிழை என்றால் காசும் போச்சு, நாளும் போச்சு.

அதனால் மாணவன் என்ன செய்வான்? பட்டனை அமத்த முன்னம் யோசிப்பான். இந்த முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது? இவன் எழும்பிக் கதவடிக்குப் போனால் முகம் இருண்டுவிடுமா? அடுத்த துண்டை வெட்டி ஒட்டும்போது இவள் பார்வை இடப்பக்கம் இருக்க வேண்டுமா, வலப்பக்கமா? மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் அவனுடைய ஆசிரியர். ரஷ்யாவில் புரட்சிக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் படச்சுருள் கிடைக்காதபோது, லெவ் குலெஷோவ் தன் மாணவர்களைச் சுருளே இல்லாமல் படம் "எடுத்து"ப் பழக வைத்தார். நடிப்பார்கள், சட்டகத்தை மனதில் பிரிப்பார்கள், சுருள் மட்டும் ஓடாது. இல்லாமையையே பாடமாக்கிய மனிதர்.

பாலு மகேந்திராவின் டிப்ளோமாப் படம், கோட்டையிலிருந்து ஒரு பார்வை என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்புடைய ஒரு குறும்படம். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ராமு காரியாட். "செம்மீன்" எடுத்து, ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றவர். "செம்மீன்" படத்துக்குக் கெமரா பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி, "மாயாபஜார்" எடுத்த பெரிய கை. அப்படிப்பட்டவரோடு வேலை செய்த ஒரு இயக்குநர், கல்லூரியை விட்டு வந்த ஒரு பொடியனின் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடைய "நெல்லு" படத்தின் ஒளிப்பதிவை அவனிடம் ஒப்படைத்தார். வயநாட்டுக் காட்டையும் வயலையும் மனிதரையும் காட்டிய அந்தப் படம் 1974இல் வெளிவந்தது. கேரள மாநிலத்தின் சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது.

யாரின் சிபாரிசு? எந்தக் கெமரா வைத்திருந்தார்? இரண்டும் அல்ல. சில நிமிடப் படம் ஒன்று அவருக்காகப் பேசியது.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சுப்ரத மித்ரா. வங்காளி. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தா வந்து "த ரிவர்" எடுத்தபோது, ஒரு வேலையும் கிடைக்காமல், பார்வையாளராக நின்று குறிப்பு எடுத்தவர். சத்யஜித் ராய் "பதேர் பாஞ்சாலி"க்கு அவரைக் கூப்பிட்டபோது அவருக்கு 21 வயது. சினிமாக் கெமராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. அடுத்த படமான "அபராஜிதோ"வில் காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் வேண்டும். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியில் பட்டுத் தெறிக்க வைத்தார். பார்த்தவர்கள் உண்மையான முற்றம் என்றே நம்பினார்கள். அதற்குத் தேவைப்பட்ட பெரிய பொருள் ஒரு துணி.

பாலு மகேந்திராவும் கிடைக்கிற வெளிச்சத்தை நம்பிய பரம்பரைதான். யன்னலால் வரும் வெளிச்சம், மழை மூடிய வானத்தின் வெளிச்சம், முகிலுக்குள் மறைந்த மலையின் வெளிச்சம். 1977இல் தானே இயக்கிய முதல் படம் "கோகிலா", கன்னடம், கறுப்பு வெள்ளை. அதன் ஒளிப்பதிவுக்கு இந்தியாவின் தேசிய விருது. "மூன்றாம் பிறை"க்கு இன்னொன்று. இயக்கம் படிக்க இடம் கிடைக்காதவர் "வீடு", "சந்தியா ராகம்" என்று தமிழின் மிகச் சிறந்த படங்களை இயக்கினார்.

எனக்கு அவரில் மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. 2000ஆம் ஆண்டளவில், பேரும் புகழும் வந்து முடிந்த வயதில், அவர் மறுபடியும் சின்னப் படத்துக்குத் திரும்பினார். சன் தொலைக்காட்சியில் "கதை நேரம்". தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்து, கிழமைக்கு ஒன்றாக, அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும் 52 படங்கள். சின்ன வீடு, இரண்டு மூன்று நடிகர், கிடைக்கிற வெளிச்சம். தேசிய விருது பெற்றவர் மாணவனைப் போலக் கிழமைக்கொரு பயிற்சி செய்தார். பிறகு சென்னையில் "சினிமா பட்டறை" என்று ஒரு பள்ளியைத் தொடங்கி இளைஞருக்குக் கற்பித்தார். 2013இல் வந்த கடைசிப் படமான "தலைமுறைகள்", சுருளை விட்டு டிஜிட்டல் கெமராவில் எடுத்தது. எழுபதைத் தாண்டிய வயதில் புதுக் கருவியைப் பழகினார். 2014 பெப்ரவரி 13இல் காலமானார்.

இனி "கூடுமா" என்ற கேள்விக்கு வருகிறேன். உருவப்படம் பற்றி உலமாக்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல, அது அறிந்தவர்களின் வேலை. நான் ஆசிரியன், வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

கெமரா என்ற சொல்லுக்கே அறை என்றுதான் பொருள். இருட்டறையும் அதன் சின்னத் துவாரமும்தான் அதன் மூலம். அந்த இருட்டறையை வைத்து வெளிச்சத்தை முறையாகப் பரிசோதித்தவர்களில் முதன்மையானவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம். ஆயிரம் வருடத்துக்கு முன், கெய்ரோவில் இருந்தபடி ஏழு பாகங்களில் "கிதாபுல் மனாழிர்" எழுதினார். துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை வெளிச்சப் பொட்டுகள். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. வெளிச்சம் நேர்கோட்டில் போகிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று காட்டினார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற பழைய எண்ணத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். கெமரா பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய மாணவன்தான்.

இன்னொரு உதாரணம் ஈரான். அங்கே பிள்ளைகளினதும் இளைஞர்களினதும் அறிவு வளர்ச்சிக்கென ஒரு நிறுவனம் இருந்தது. அதன் திரைப்படப் பிரிவில் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் தன் முதல் படத்தை எடுத்தார். "ரொட்டியும் ஒழுங்கையும்". பத்து நிமிடப் படம். கதை இவ்வளவுதான்: ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன், ஒழுங்கையில் ஒரு நாய், பையனுக்குப் பயம். அந்தப் பத்து நிமிடத்தில் தொடங்கியவர்தான் 1987இல் "நண்பனின் வீடு எங்கே" எடுத்தார். வகுப்பறைக் கொப்பி ஒன்றை நண்பனிடம் சேர்க்க ஓடும் பிள்ளையின் கதை. அதில் ஆபாசமும் இல்லை, அடிதடியும் இல்லை. ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்.

ஒழுங்கை, ரொட்டி, நாய். இதில் எது கரம்பொன்னில் இல்லை?

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். சில மணித்தியால அவகாசம், கையில் எடுத்தது கொஞ்சம். நகை போனது, வீடு போனது என்று கணக்குச் சொல்கிறோம். சுவரில் தொங்கிய கல்யாணப் படமும், வாப்பா உம்மாவின் படமும், பள்ளிக்கூடக் குழுப் படமும் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. அதே காலத்தில் தீவுப்பகுதித் தமிழ்ச் சனமும் யுத்தத்தில் இடம்பெயர்ந்தது. கூரையில்லாத கல்வீடுகள், வேர் ஓடிய சுவர்கள், தூர்ந்த கிணறுகள் இன்றும் இங்கே நிற்கின்றன. அந்த வீடுகளில் இருந்த படங்கள் எங்கே? முகம் தெரியாத தலைமுறை ஒன்று எங்கள் இரண்டு சமூகத்துக்கும் பின்னால் நிற்கிறது. ஊரைத் தெரிந்த மூத்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களுடைய முகத்தையும் குரலையும் ஒழுங்காகப் பதியத் தெரிந்த ஒரு பிள்ளை இந்தத் தீவுக்கு வேண்டும். அதைச் செய்ய வெளியிலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்தால் காலம் காத்திராது.

கரம்பொன் வெளியுலகுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஊர்தான். 1913இல் இங்கே பிறந்த தனிநாயகம் அடிகள் பல மொழிகளைக் கற்று, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கியவர்களில் முன்னின்றவர். அவர் காலத்தில் படிக்க ஊரை விட்டுப் போக வேண்டும். பாலு மகேந்திராவுக்கும் அதேதான். இன்றைய பிள்ளைக்குப் பூனாவின் முதல் வருடப் பயிற்சி கையிலிருக்கும் ஃபோனிலேயே இருக்கிறது. இல்லாதது அந்த 400 அடிச் சுருளின் கட்டுப்பாடு மட்டும். ஃபோன் எவ்வளவும் எடுக்கும், அழிக்கும், மறுபடி எடுக்கும். ஆகவே யோசிக்கும் பழக்கம் வருவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளே, இந்த விடுமுறைக்கு நான்கு பயிற்சிகள் தருகிறேன்.

ஒன்று. காலை, மத்தியானம், பின்னேரம் என மூன்று நேரம் ஒரே யன்னலருகே உங்கள் அம்மம்மாவையோ மூத்தம்மாவையோ இருத்தி, ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு நிமிடம் எடுங்கள். வெளிச்சம் முகத்தை எப்படி மாற்றுகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். விளக்குப் போட வேண்டாம். மூன்றாவது முறை, இருண்ட பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். மித்ரா செய்ததன் தொடக்கம் அதுதான்.

இரண்டு. விறாந்தையிலிருந்து வீட்டுக்குள் ஒருவர் நடந்து போவதை எடுங்கள். ஃபோன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், படம் பளிச்சிட்டு மங்கும். திரையில் விரலை அமத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு மறுபடி எடுங்கள். எதைப் பிரகாசமாக வைப்பது, எதை இருளில் விடுவது என்று ஃபோன் தீர்மானிக்கக்கூடாது, நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்று, காரைநகருக்குப் போகும் பாதையில் சனம் ஏறுவதை ஐந்தே துண்டுகளில் சொல்லுங்கள். ஆறாவது துண்டுக்கு அனுமதி இல்லை. கடற்கோட்டை பின்னால் தெரியும், அழகாக இருக்கும். ஆனால் கோட்டை உங்கள் கதைக்குத் தேவையா என்று கேட்டுவிட்டு எடுங்கள். படம் எடுப்பவர்களின் முகம் விழுந்தால் அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அது அதபு.

நான்கு. ஊரில் மூத்த ஒருவரிடம் போய் அவருடைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். இப்போது இருக்கும் வீடு அல்ல, முன்னம் இருந்த வீடு. மூன்று நிமிடம். இசை போட வேண்டாம், எழுத்து ஓட விட வேண்டாம். அவர் பேசாமல் இருக்கும் இடத்தில் வெட்டவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் 2015இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. குறும்படங்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் முதல் படத்தையே விழாவுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். பத்துச் சின்னப் படம் எடுத்து, பத்திலும் என்ன பிழை என்று உங்களுக்கே தெரிந்த பிறகு பதினொராவதை அனுப்புங்கள்.

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. பிழைப்பு வருமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் எல்லோரும் பாலு மகேந்திரா ஆவதில்லை. ஆனால் வெளிச்சத்தைக் கவனிக்கவும், பொறுத்திருக்கவும், பெரியவர் ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கவும் பழகிய பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் வீண்போகாது. உங்கள் பிள்ளை புதுக் கெமரா கேட்டால் இப்போதைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். முதலில் அந்த நான்கு பயிற்சியையும் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது பயிற்சியை முடித்த பிள்ளைகள் எனக்கு அனுப்புங்கள், இருந்து பார்ப்போம். பாடசாலை தொடங்கியதும், பேசியவர்கள் சம்மதித்தால், அவர்களையே கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தி ஒரு சுவரில் போட்டுக் காட்டலாம், இன்ஷா அல்லாஹ்.